பிந்தி வந்த சிறுமி

செவலைப் பசு தொட்டியில் மூக்கை வைப்பதும் எடுப்பதுமாக நின்றது. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. வாயோரம் எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. நடுநடுவே கழுத்தை நீட்டிக் கத்தியது. அந்தக் குரல் கரகரத்து, உடைந்து, வேறு ஏதோ மிருகத்தின் குரலைப்போல் இருந்தது.

"தொண்டைக்குள்ளார என்னமோ சிக்கியிருக்குது. தேங்காச் சில்லா இருக்கும்" என்றாள் சின்னத்தாய். "இப்புடி வந்து நாக்க இழுத்துப் புடி கண்ணு."

சிவசங்கரி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். மீனாட்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வரும் கேரள அரசுப் பள்ளியில், தமிழ்வழி வகுப்புகளுக்கு அவள் அறிவியல் ஆசிரியை. மாத முடிவில் அறிவியல் கண்காட்சி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு விஞ்ஞானிகள் வேடம். தலைக்கு ஒரு அட்டை, அட்டையில் அவரவர் கண்டுபிடிப்பு. மத்தியானம் முழுவதும் அட்டை வெட்டிக்கொண்டிருந்ததில் ஆள்காட்டி விரலில் கத்தி பட்டுக் கீறியிருந்தது. பையைத் திண்டில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமியாருக்கு உதவப் போனாள்.

பசுவின் நாக்கு கொழகொழவென்று வழுக்கியது. சின்னத்தாய் வளையலைக் கழற்றிவிட்டு முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். பசுவின் கடைவாய்ப் பல் மணிக்கட்டில் உரசியது. உள்ளே ஒன்றுமில்லை. இருவரும் தொட்டித் தண்ணீரில் கையை அலம்பிச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் செவலையின் பின்னங்கால்கள் தள்ளாடின. சிவசங்கரியின் கணவன் ஈஸ்வரன் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போகும் வழியில் மிருகாசுபத்திரியில் சொல்லிவிட்டுப் போனான். டாக்டர் ஜிஸ்மி ஸ்கூட்டரில் வந்தாள். கோட்டயம் பக்கத்துப் பெண். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷத்தில் தமிழைத் தன் போக்கில் பேசக் கற்றிருந்தாள். வழக்கமாக வந்ததும் மாட்டின் காதைத் தடவிக் கொடுப்பவள், அன்றைக்குக் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். வெகுநேரம் பசுவைப் பார்த்தாள்.

"வாயில ஆராவது கை விட்டோ?" என்று கேட்டாள்.

"விடாம? சிக்கியிருக்குதுன்னு நாந்தானுங்க பாத்தேன்" என்றாள் சின்னத்தாய்.

"முறிவு இருக்கா கையில? காயம்?"

சின்னத்தாய் மணிக்கட்டைக் காட்டினாள். சிவசங்கரி விரலைக் காட்டினாள். ஜிஸ்மியின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று வடிந்து போனது.

"பேவிஷம்னு எனக்குச் சம்சயம் உண்டு டீச்சரே. ரெண்டு பேரும் இப்பவே சோப்புப் போட்டுக் கை கழுவணும். சும்மா அல்ல, ஓடுற தண்ணியில, நல்லா நேரம் எடுத்து. பின்னே நேரே தாலூக்கா ஆஸ்பத்திரி. இன்னைக்கே. மாட்டுக் கிட்ட இனி ஆரும் போகண்டா."

வெறிநோய். சிவசங்கரி அந்தச் சொல்லைப் பல வருஷங்களாகக் கரும்பலகையில் எழுதிவந்தவள். அது மூளைக்கு ஏறினால் மருந்தில்லை, அறிகுறி தெரிந்தபின் பிழைத்தவர்கள் அநேகமாக இல்லை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் லூயி பாஸ்டர் என்று எழுதி அடிக்கோடு போடுவாள். மணி அடிக்கும். அடுத்த வகுப்பு. இப்போது அந்தச் சொல் அவள் விரல் நுனியில், முடி அளவு கீறலில் இருந்தது. குழாயடியில் நின்று சோப்பைத் தேய்க்கத் தேய்க்கக் கீறலின் வாய் வெளுத்தது. நேற்றுச் சாயங்காலம் கழுவியிருக்க வேண்டிய கை. விஷயம் தெரிந்த தனக்கே தோன்றவில்லையே என்று மறுபடி சோப்பை எடுத்தாள்.

திரும்பிப் பார்த்தால் மாமியாரைக் காணோம். வீட்டுக்குள் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"அத்தை, கை கழுவோணும், வாங்க."

"கழுவிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க. நான் லீவு சொல்லிட்டேன்."

"நீ போயிட்டு வா. எனக்கு ஒண்ணுமில்ல."

எவ்வளவு கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. மாட்டை நினைத்துத் துக்கப்படுகிறாள் என்று சிவசங்கரி நினைத்தாள். செவலை அவள் கையில் பிறந்த கன்று.

ஈஸ்வரனுக்குப் போன் செய்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "நீ மொதல்ல ஊசி போட்டுக்க சங்கரி. அம்மாவ நான் வந்து கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு, ரிசல்ட்டு வர்ற வரைக்கும் வெளிய சொல்லாத. நாளைக்கு நம்மூட்டுப் பால ஒருத்தரும் தொடமாட்டாங்க" என்றான்.

"ஏனுங்க, கருப்புசாமி அண்ணன் தெனமும் பச்சப்பாலு வாங்கிக் குடிக்கிறாரு. அது நம்ம செவலப் பாலுதானுங்க."

மறுமுனையில் அவன் லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

"அவருகிட்டச் சொல்லிரு" என்றான்.

கருப்புசாமி நாலு வீடு தள்ளி இருந்தார். தென்னை ஏறுகிறவர். காலையில் காய்ச்சாத பாலில் முட்டையை உடைத்து ஊற்றிக் குடிப்பதுதான் தன் உடம்பைக் காப்பாற்றுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர். சிவசங்கரி சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"முந்தாநேத்துக்கூடக் குடிச்சேனே அம்மிணி."

"காய்ச்சின பாலுன்னா பயமே இல்லீங்கண்ணா. சூட்டுல அது செத்துரும். நீங்க பச்சையாக் குடிச்சதாலதான் சொல்றேன். பாலுல வர்றது ரொம்ப அபூர்வம், ஆனா டாக்டரைக் கேட்டுக்கறது நல்லது. என்னோட வாங்க."

"ஊருக்குப் பாலு ஊத்தறவங்க மாட்டப் பாத்துக்க வேண்டாமா?" என்று குரலை உயர்த்தியவர், பாதியிலேயே தணிந்துபோனார். "போன மாசம் தோப்புக்குள்ள ஒரு நாயி ஓடுச்சு. வாயில நொர. அடிச்சுக் கொன்னுட்டோம். அது ஒங்கூட்டுப் பக்கமிருந்துதான் வந்துச்சு. அன்னிக்கே ஒருவார்த்த சொல்லியிருக்கோணும்."

பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மேற்கே கணவாயிலிருந்து வரும் மாசிக் காற்று ஜன்னல் ஷட்டரைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கருப்புசாமியின் புஜங்களில் ஊசி போட்டு அனுப்பினார்கள். சிவசங்கரிக்கு அதோடு விரலைச் சுற்றியும் குத்தினார்கள். விரல் நுனியில் சதையே இல்லாத இடத்தில் மருந்து ஏறும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த வலியை அவள் மனதார வரவேற்றாள்.

"மாட்டு வாயில கை விட்ட அம்மா எங்கே?" என்று கேட்டார் டாக்டர்.

"வருவாங்க."

"வரணும். அவங்களுக்குத்தான் முக்கியம்."

அன்று சாயங்காலம் ஈஸ்வரன் வந்து அம்மாவிடம் பேசினான், கெஞ்சினான், கடைசியில் சத்தம் போட்டான். சின்னத்தாய் அசையவில்லை. தோட்டத்துத் துளசியையும் மஞ்சளையும் அரைத்து மணிக்கட்டில் பற்றுப் போட்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் செவலை கொட்டகையில் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை உதைத்து, அடங்கியது. ஜிஸ்மியும் அவள் ஆட்களும் கையுறை மாட்டிக்கொண்டு வந்து பரிசோதனைக்கு வேண்டியதை எடுத்தார்கள். மிச்சத்தைத் தோப்பின் கோடியில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தார்கள். சின்னத்தாய் அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

ஈஸ்வரன் சுண்ணாம்பு வாங்கிவரக் கடைக்குப் போனதும் சிவசங்கரி அடுப்படிக்குள் வந்து கதவருகில் உட்கார்ந்தாள். வெளியே போகிற வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அத்தை, எதுக்குப் பயப்படறீங்கன்னு சொல்லுங்க. ஊசிக்குன்னா நம்ப மாட்டேன். போன வருஷம் கால்ல தையல் போட்டப்ப பல்லைக் கடிச்சுட்டு ஒக்காந்திருந்தவங்க நீங்க."

சின்னத்தாய் வெகுநேரம் பாத்திரத்தைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். தெரியுமா ஒனக்கு?"

சிவசங்கரிக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"நல்லதம்பின்னு பேரு. நாயி கடிச்சுது. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி தொப்புளச் சுத்தி ஊசி போட்டாங்க. தெனமும் ஒண்ணு. வயிறு வீங்கிக் கல்லாட்டம் ஆயிருச்சு. நாந்தான் கால அமுக்கிப் புடிச்சுக்குவேன். 'அக்கா, விடச் சொல்லு'ம்பான். அத்தன ஊசியும் போட்டும், ஒரு நாளு தண்ணியக் குடுத்தா தூக்கி எறிஞ்சான். அப்பறம் ரூமுக்குள்ள உட்டுப் பூட்டிட்டாங்க. வெளிய நின்னு நான் கேட்டுட்டே இருந்தேன்." அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "செத்தா இப்புடியே சாகறேன். குத்துப்பட்டுச் சாக வேண்டாம்."

இத்தனை நேரம் சிவசங்கரி தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். இந்த நோயைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அச்சடித்த எழுத்து. எதிரில் இருப்பவள் அதன் சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவள்.

இருந்தும் அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பிள்ளைகளுக்குச் சொல்வதையே சொல்ல ஆரம்பித்தாள். பிரான்சு தேசத்தில் பாஸ்டர் என்று ஒருவர். டாக்டருக்குப் படித்தவர் அல்ல, ரசாயனம் படித்தவர். பண்டம் ஊசிப்போவதும் பால் திரிவதும் கண்ணுக்குத் தெரியாத கிருமியால்தான், அளவாகச் சூடாக்கினால் அது சாகும் என்று காட்டியவர். பால் சொசைட்டியில் பாலைச் சூடாக்கிப் பாக்கெட் போடுவதற்கு இன்றைக்கும் அவர் பேர்தான். பிறகு வெறிநோய்க்கு மருந்து தேடினார். அந்தக் கிருமி அவருடைய பூதக்கண்ணாடிக்கு அகப்படவே இல்லை. கண்ணால் காணாத ஒன்றை முயலின் தண்டுவடத்தில் வளர்த்து, உலர்த்தி, வீரியத்தைக் குறைத்து, அதையே மருந்தாக்கினார். நாய் கடித்துக் குதறிய ஒரு பையனை அவன் தாய் கூட்டிவந்தாள். அதுவரைக்கும் நாய்களுக்குப் போட்டுப் பார்த்ததோடு சரி. ஒரு டாக்டரை விட்டு அவனுக்கு ஊசி போடச் சொன்னார். அத்தனை நாளும் அவருக்கு உறக்கமில்லை. பையன் பிழைத்தான். பெரியவனாகி வாழ்ந்தான்.

சின்னத்தாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"பொழச்சவனப் பத்தித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள். "அவருகிட்ட வந்து செத்தவங்க இல்லியா? அவங்களப் பத்திச் சொல்லு."

சிவசங்கரி தலையைக் குனிந்துகொண்டாள். அப்படி ஒன்று இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வாசித்தது. வகுப்பில் ஒருமுறைகூட அவள் அதைச் சொன்னதில்லை. பாடத்துக்கு வேண்டியதில்லை, பிள்ளைகள் பயந்துவிடும் என்று விட்டுவிட்டாள். இப்போது சொன்னால் மாமியார் ஒரேயடியாக எழுந்து போய்விடலாம். சொல்லாவிட்டாலும் வரப்போவதில்லை.

"இருந்தாங்க அத்தை. ஒரு சின்னப் பொண்ணு. லூயிஸ்னு பேரு. பத்து வயசு. மலை நாயி ஒண்ணு தலையிலயும் கையிடுக்குலயும் கடிச்சிருச்சு. ஆனா அவரு கிட்டக் கூட்டிட்டு வர்றப்பவே ஒரு மாசத்துக்கு மேல ஆயிருச்சு. காயத்தப் பாத்ததுமே அவருக்குத் தெரிஞ்சுது, பிந்திப்போச்சுன்னு. இது பிரயோசனப்படாது, செத்துட்டா என்னோட மருந்து மேலதான் பழி வரும்னும் தெரியும். கூட இருந்தவங்களும் வேண்டாம்னாங்க. தாயும் தகப்பனும் அழுதாங்க. போட்டாரு."

"என்னாச்சு?"

"கொஞ்ச நாளு நல்லாத்தான் இருந்தா. அப்பறம் மூச்சுத் திணறுச்சு, தண்ணி எறங்கல. அவரு அவ படுக்கை கிட்டயே ஒக்காந்திருந்தாரு. போகாதீங்கன்னு அவ கையப் புடிச்சுக்கிட்டாளாம். செத்துப்போயிட்டா."

அடுப்படியில் பால் சட்டி காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. வெளியே தென்னை மட்டைகள் காற்றில் உரசிக்கொண்டன.

"அப்பறம் அந்த மனுசன் விட்டுட்டாரா?"

"இல்லீங்க அத்தை. வந்தவங்களுக்கெல்லாம் போட்டுட்டேதான் இருந்தாரு. நேரத்துல வந்தவங்க பெரும்பாலும் பொழச்சாங்க." சிவசங்கரி நிமிர்ந்து கேட்டாள். "உங்க தம்பிய நாயி கடிச்சு எத்தன நாளு கழிச்சுக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க?"

சின்னத்தாய் யோசித்தாள். நெற்றி சுருங்கியது. "கார்த்திகை தீபத்தன்னிக்குக் கடிச்சுது. வெளக்கு வெச்சுட்டிருந்தோம். மொதல்ல வேரு கட்டுனாங்க. அப்பறம் ஆருகிட்டயோ போயி மந்திரிச்சாங்க. கோயமுத்தூருக்குப் போனப்ப பொங்கலு முடிஞ்சிருந்துச்சு. பஸ்ஸுல கரும்பு கடிச்சுட்டே வந்தான்."

சொல்லி முடித்ததும் அவள் கை தானாக மணிக்கட்டுப் பற்றின்மேல் போய் நின்றது. காய்ந்த மஞ்சள் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"ஊசி அவனக் கொல்லல" என்றாள் மெதுவாக. கேள்வியா, பதிலா என்று தெரியவில்லை.

"பிந்திப்போச்சுங்க அத்தை."

"நாம?"

"நேரத்துலதான் இருக்கோம். மணிக்கட்டுல இருந்து தலைக்கு ஏற அதுக்கு நாளாகும். அதுக்குள்ள மருந்து முந்திக்கோணும். ஆனா இன்னும் தள்ளிப்போட்டீங்கன்னா என்னாகும்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்டச் சொல்லவும் முடியாது."

சின்னத்தாய் எழுந்தாள். குழாயடிக்குப் போய்ப் பற்றைச் சுரண்டிவிட்டுச் சோப்பை எடுத்தாள். "எப்புடித் தேய்க்கோணும்னு அந்த டாக்டரம்மா சொல்லுச்சு?" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

ஈஸ்வரன் வந்ததும் சுண்ணாம்பு மூட்டையை வாசலில் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டைச் சுற்றிக் குத்தும்போது சின்னத்தாய் மருமகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். சத்தமே வரவில்லை. நகம் பதிந்த இடம் சிவசங்கரிக்குப் பல நாள் கன்றியிருந்தது.

பரிசோதனை முடிவு வந்தது. வெறிநோய்தான். ஊருக்குள் பேச்சு பரவியது. சிலர் அந்த வீதி வழியாக நடக்கவே தயங்கினார்கள். காய்ச்சிய பாலுக்குப் பயமில்லை என்று சிவசங்கரியே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சிலர் நம்பினார்கள். சிலர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கருப்புசாமி மட்டும் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வந்து, "கை வலிக்குது அம்மிணி, ரெண்டு நாளா மரம் ஏறல" என்று அவளையே குறை சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகுதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. ஊசி போடுகிறவரைக்கும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. போட்டபின் காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. சின்னத்தாய் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் சிவசங்கரியின் பார்வை அவள் தொண்டைக்குப் போகும். தண்ணீர் இறங்குகிறதா. விரலில் ஊறல் எடுத்தால் அது காயம் ஆறுவதா, வேறெதுவுமா என்று வகுப்பின் நடுவில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பாள். லேசாகத் தலை வலித்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஒருநாள் சாப்பாட்டின்போது நிமிர்ந்தால், சின்னத்தாய் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள். இருவருமே ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கண்காட்சி நாள் வந்தது. மேரி கியூரி சேலை தடுக்கி விழுந்தாள். சர் சி.வி. ராமனின் தலைப்பாகை அவிழ்ந்தது. ஜென்னராக வந்தவன், பசுவின் அம்மையிலிருந்து பெரியம்மைக்குத் தடுப்பு கண்டதையும், 'வாக்சின்' என்ற பெயரே பசுவுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததையும் ஒப்பித்தான். சிவசங்கரிக்குச் செவலையின் குரல் கேட்டது. பாஸ்டராக வந்தது மோனிஷா என்ற எட்டாம் வகுப்புப் பெண். பஞ்சில் தாடி ஒட்டியிருந்தாள். கிருமி, பால், முயல், பையன் பிழைத்தது வரைக்கும் சொல்லிவிட்டு, அட்டையில் டீச்சர் புதிதாக எழுதிச் சேர்த்ததையும் வாசித்தாள். பிந்தி வந்த ஒரு சிறுமியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அவள் பெயர் லூயிஸ். கடிபட்டால் தாமதிக்காதீர்கள்.

கைதட்டல் ஒருகணம் தயங்கி வந்தது. தலைமையாசிரியர் பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லதா ஒரு நிகழ்ச்சி நடக்கிறப்ப எதுக்கு டீச்சர் சாவைப் பத்தி?"

"அது இல்லாம அவரு செஞ்சது முழுசாத் தெரியாதுங்க சார்" என்றாள். அவர் வற்புறுத்தவில்லை.

கடைசி ஊசிக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், கொல்லையில் தேங்காய் மட்டை உரித்துவிட்டு வந்த சின்னத்தாய் செம்பைத் தூக்கிக் குடித்தாள். குடித்தவளுக்குச் சட்டென்று புரை ஏறியது. தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. செம்பு கை நழுவி உருண்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள் நிமிர்ந்தபோது, அவள் கண்ணில் தம்பியைப் பூட்டிய அறைக்கு வெளியே நின்ற அந்தச் சின்னப் பெண் இருந்தாள். சிவசங்கரியால் இருந்த இடத்தைவிட்டு எழக்கூட முடியவில்லை. பிறகு எப்படியோ ஊர்ந்து போய் செம்பை எடுத்து மறுபடி நிரப்பினாள்.

"இன்னொருக்காக் குடிங்க அத்தை. மெதுவா."

சின்னத்தாய் செம்பைப் பார்த்தாள். ஒரு மடக்கு குடித்தாள். இறங்கியது. இன்னொரு மடக்கு. பிறகு செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். செவலைக்கு அழாதவள், தம்பிக்கு என்றைக்கு அழுதாளோ தெரியாதவள், அன்றைக்கு அழுதாள். சிவசங்கரி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கடைசி ஊசியும் போட்டாயிற்று. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதற்காகப் பயம் அன்றே போய்விடவில்லை. சித்திரை வெயில் வந்தது, ஒரு கோடை மழை பெய்தது. கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். பக்கத்து வீட்டு நாய்க்கும் மாடுகளுக்கும் ஜிஸ்மி வந்து ஊசி போட்டாள். பள்ளிக்கூடம் அடைத்துத் திறந்தது. எட்டாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு காலையில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சிவசங்கரி அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் சின்னத்தாய் பேசியபடியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காற்றுக்குக் கீற்று பிய்ந்து விழுந்ததைப் பற்றி, அதைக் கட்டச் சொல்லியும் ஈஸ்வரன் கட்டாததைப் பற்றி. சிவசங்கரி ம்ம் கொட்டிக்கொண்டே பின்னல் போட்டாள். டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டபோதுதான், தான் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. எத்தனை நாளாகப் பார்க்காமல் இருக்கிறோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.